ஒன்பதரைக்குப் போகவேண்டிய மெயில்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மெயில் பக்கம் அடையாளமே தெரியாமல் மாறிக் கிடந்தது. இடது பக்கப் பட்டியலைக் காணோம். அதன் இடத்தில் ஒரு வரிசை குட்டிக் குட்டிப் படங்கள். புதிதாக எழுதும் பொத்தான் எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு பெட்டி, 'புதிய தோற்றத்துக்கு வரவேற்கிறோம்!' என்று பல்லை இளித்தது. அதன் கீழே 'புரிந்தது' என்று ஒரே ஒரு பொத்தான். 'புரியவில்லை' என்று சொல்லவும் ஒன்று வைத்திருக்கலாம் இல்லையா? வைக்கவில்லை. என்னைக் கேட்காமல் யாரோ என் சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்பதுபோல் இருந்தது.

என் கணவர் பல் குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது, புச்சா வெள்ளையடிச்ச மாதிரி கீது?"

"ஆமா, அடிச்சவனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க, நாலு வார்த்தை கேக்கணும்" என்றேன்.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில், மலைக்குப் பின்பக்கத் தெருவில். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வேன். அவர் வீட்டில் எல்லோருக்கும் விவசாயம்தான். அவருக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே டிராக்டரை விட வேகமாக ஓடுகிற எதையாவது ஓட்ட வேண்டும் என்று ஆசை. நான் ஊரப்பாக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதியும் வேலை பார்த்தேன். அதனால் ஸ்டியரிங் அவர் பொறுப்பு, கீபோர்டு என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். வாசல் அறைதான் ஆபீஸ்.

ஆயுத பூஜைக்கு வேனுக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் கம்ப்யூட்டருக்கும் உண்டு. அவர் திரையின் உச்சியில், நட்ட நடுவில் வைத்த பொட்டு சரியாகக் கேமராவின் மேல் உட்கார்ந்துவிட்டது. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்றார். துபாயில் இருக்கும் என் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ரத்தச் சிவப்பாகத் தெரிவோம். அவனும் பழகிவிட்டான்.

இந்த மெயில் கணக்கை அங்கிருந்தபடியே திறந்து கொடுத்ததும் அவன்தான். அதனாலோ என்னவோ, வருகிற மெயில்களின் பக்கத்தில் காட்டும் நேரம் எப்போதும் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். அவர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். வேனில் இருப்பது பேட்டரி மாற்றிய நாளிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. மெயிலுக்கும் தனியாக ஒரு நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதுக்குள்ளேயே கூட்டிக்கொள்வேன்.

புதிய தோற்றத்தைத் திட்டிக்கொண்டே துழாவியதில், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் இடத்தில் இருந்தது. அதைத் தட்டினேன். எல்லாம் தமிழுக்கு மாறியது. எனக்கு அதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் அவருக்கு இருந்தது. இங்கிலீஷ் என்றால் ஒதுங்கிப்போகிறவர், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாகப் படித்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கமான மெயில் வந்தது. அவர் ஒரு டிராவல்ஸுக்கு இரவில் வண்டி ஓட்டுகிறார். வெளிநாட்டு விமானங்களில் நள்ளிரவில் வந்து இறங்குகிறவர்களை மீனம்பாக்கத்திலிருந்து ஏற்றி மாமல்லபுரம் விடுதிகளில் கொண்டுபோய் விடவேண்டும். தினமும் ஆறு மணிக்கு, இன்றைக்கு வர முடியுமா என்று மெயில் வரும். வாசலில் வண்டியைத் துடைத்தபடியே, "கன்ஃபார்ம் போட்டுடு" என்று அவர் குரல் கொடுப்பார். நான் அடித்து அனுப்புவேன். அன்றைக்கு மெயிலின் அடியில், புதிதாக, பதில்களே தயாராக வந்து நின்றன. 'சரி, வருகிறேன்.' 'உறுதி செய்கிறேன்.' 'மன்னிக்கவும், இன்று இயலாது.' அவர் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு, தானே முதல் பொத்தானைத் தட்டினார்.

"பாத்தியாமே? இனிமே உனக்கு வேலயே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை ராத்திரியில் ரோட்டுக்கு அனுப்ப இதுவரை என் விரலாவது தேவைப்பட்டது. இப்போது அதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

காரணம் இருக்கிறது. போன மார்கழியில் ஒருநாள், கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்திருந்த விடியற்காலையில், வேன் வலது பக்கக் கண்ணாடி இல்லாமல் வந்து நின்றது. என்ன ஆயிற்று என்றேன். மாடு குறுக்கே வந்துவிட்டது என்றார். குளித்துவிட்டு வந்து, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாடு இல்லமே. கண்ணு அசந்துட்ச்சு. பரனூர் டோல் தாண்டி, மீடியன்ல ஒரசிட்ச்சு. வண்டில சவாரி யாரும் இல்ல, நல்ல வேள."

சவாரி இல்லையாம், நல்ல வேளையாம். ஓட்டினவர் யாருமே இல்லை போல! எனக்கு வந்த ஆத்திரத்தில் தம்ளரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். காபி கொதித்ததால் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் ராத்திரி வண்டி எடுத்தால் நான் தூங்குவதில்லை. மகளும் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். எனக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு கேட் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். விட்டுவிடுங்கள் என்றால், பகலில் நிலையாக ஒரு ஓட்டம் கிடைத்தால் விட்டுவிடுகிறேன் என்பார். அது கிடைக்கவில்லை.

அது கிடைக்க வழி செய்யும் மெயில் அதே செவ்வாய்க்கிழமை வந்திருந்தது. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு தனியார் பள்ளி. செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் ஆசிரியர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆரம்பம். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் விவரங்களையும் விலையையும் இதே மெயிலுக்குப் பதிலாக அனுப்ப வேண்டும். எங்கள் ஊர் வழியாகவே போய் வருகிற ஓட்டம். எங்களுக்காகவே யாரோ வகுத்த மாதிரி இருந்தது.

"இப்பவே அனுப்பிடறேன்" என்றேன்.

"ஏய், இரு இரு. இன்னிக்கு செவ்வா." அவர் எழுந்து போய் நாள்காட்டியை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தார். "நாளிக்கு அஷ்டமி. அதுக்கு மறுநாள் நவமி. வெள்ளி தசமி. ஒம்பதரைல இருந்து பத்தரை வரிக்கும் நல்ல நேரம். அப்ப அனுப்பு. பத்தரைய தாண்டிடாத, ராகு காலம் வந்துடும்."

"மெயிலுக்கு என்னங்க அஷ்டமி, நவமி?"

"வண்டிக்கு கீதுல்ல? வண்டிக்கு கீதுன்னா மெயிலுக்கும் கீது."

இந்த விஷயத்தில் அவரோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை. இந்த வேன் வாங்கியபோது, ஷோரூம்காரர்கள் காலையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இவர் ராகு காலம் முடியும்வரை வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே ஏறாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரி, வெள்ளிக்கிழமையும் கெடுவுக்குள்தானே வருகிறது என்று விட்டுக்கொடுத்தேன்.

புதன்கிழமை மின்வாரியத்திலிருந்து செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பராமரிப்பு வேலை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். போனில் மெயில் வைக்க இடம் இல்லை. அவருடைய சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கப் பூக்களே அதை நிரப்பி வைத்திருந்தன.

அப்போதுதான் எனக்குப் புதிய தோற்றத்தில் பார்த்தது ஞாபகம் வந்தது. 'அனுப்பு' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அதைத் தட்டினால், எந்த நாள், எந்த நேரம் என்று கேட்கும். குறித்துக் கொடுத்துவிட்டால் அதுவே அனுப்பிவிடும்.

"கரண்ட்டு இல்லன்னாலும் போவுமா?"

"போகும்."

"நாம மறந்துட்டாலும்?"

"அது மறக்காது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து அதை அவர் அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை. "இத்த செஞ்சவன் நம்ம ஆளா இருப்பான்மே. நல்ல நேரம் பாக்கறவன் தவுர வேற எவனுக்கு இந்த யோசன வரும்?" என்றார்.

வண்டியின் காகிதங்களை எல்லாம் இணைத்தேன். விலையை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அவர் டீ குடிக்க எழுந்து போன நேரத்தில், கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். 'எங்கள் ஓட்டுநர் இரவில் எந்த வண்டியும் ஓட்ட மாட்டார். ராத்திரி வீட்டில் தூங்கி எழுந்துதான் காலையில் உங்கள் ஆசிரியர்களை ஏற்ற வருவார்.' எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவர் வந்ததும், வெள்ளி, காலை 9:30 என்று குறித்தேன். கூடத்துக் கடிகாரத்தை நினைத்தேன், கம்ப்யூட்டர் மூலையில் இருந்த சரியான நேரத்தைப் பார்த்தேன். மெயிலுக்கென்று ஒரு தனி நேரம் இருப்பது மட்டும் என் புத்தியில் உறைக்கவே இல்லை. எல்லாவற்றையும் மாற்றினவர்கள் அதையும் சரி செய்திருக்க மாட்டார்களா என்ன?

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. கத்திரி வெயில். ஃபேன் இல்லாமல் வீடு வெந்தது. அவர் குளித்துவிட்டு, விபூதி இட்டுக்கொண்டு, ஒன்பதரை மணிக்கு மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"போயிருக்கும்" என்றார். பிறகு திருப்தியாக உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டார்.

பதினொரு மணிக்கு மேல் அவர் போன் அடித்தது. அவருடைய போனில் ஸ்பீக்கரைப் போட்டால்தான் பேச்சு கேட்கும். பேசியது பள்ளி அலுவலகத்து அம்மா. குரலிலேயே கோயம்புத்தூர்ப் பக்கம் தெரிந்தது.

"ஏனுங்க, உங்க மெயில் இப்பத்தான் வந்துச்சுங்க. பதினொரு மணிக்கு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, ராகு காலம், அதுவும் நட்ட நடுவில்! எனக்கு அப்போதுதான் உறைத்தது. துபாயில் ஒன்பதரை என்றால் இங்கே பதினொன்று. மெயில் தன் நேரத்துக்குச் சரியாகத்தான் கிளம்பியிருக்கிறது.

"அம்மா, அது வந்து..." என்று இழுத்தார்.

"பரவால்லீங்க, நேரம் இருக்குது. செவ்வாக்கெழம கேட்டு மெயில் போட்டேன், மூணு நாளா ஒருத்தரும் பதில் போடலீங்க. இன்னைக்கு ஒம்பதரைக்கு மேல ஒரேடியா வந்து கொட்டுச்சுங்க. ஏன்னே தெரியல."

எங்களுக்குத் தெரியும். மாவட்டத்தில் வேன் வைத்திருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் ஆணியில் தொங்குவது அதே நாள்காட்டிதான்.

"இந்தப் புது மெயில்ல எல்லாத்தையும் ஒரே கட்டா அடுக்கி வெச்சிருச்சுங்க. கடைசியா வந்தது மட்டுந்தான் விரிஞ்சு நிக்குது. அதுதான் உங்களுது. படிச்சனுங்க. அதுல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, ஓட்டுநர் ராத்திரி வண்டி ஓட்ட மாட்டாருன்னு. போன வருசம் வந்தவரு ராத்திரியெல்லாம் வெளில ஓட்டிட்டு வந்து, காலைல எங்க டீச்சருங்கள வெச்சுகிட்டே கண்ணு சொக்கிட்டாருங்க. அதனால கேக்கறேன். அந்த வரி நெசந்தானுங்களா?"

அவர் போனைக் கையால் பொத்தினார்.

"இன்னாமே எழுதி வச்ச?"

"நடக்கணும்னு நெனச்சதை எழுதினேன்."

"ராகு காலத்துல வாக்கு குடுக்கச் சொல்றியா?" என்று பல்லைக் கடித்தார். பொத்திய கையை எடுத்து, "அம்மா, பன்னெண்டு மணிக்கு மேல சொல்லட்டுங்களா?" என்றார்.

"பன்னெண்டு மணிக்கு முடிச்சுருவனுங்க."

அவர் மறுபடியும் பொத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் பீறிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் 'யோவ்' என்று கூப்பிட்டதில்லை.

"யோவ், அன்னைக்கு மீடியன்ல இடிச்சியே, அது எந்த நேரத்துல? பிரம்ம முகூர்த்தத்துல! கோயில்ல பாட்டு போட்டிருந்தான். அதைவிட நல்ல நேரம் உன் காலண்டர்ல இருக்கா? அன்னைக்கு நீ போயிருந்தா, நல்ல நேரத்துல போனாருன்னு நான் சந்தோஷப்படணுமா?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. போனைப் பொத்தியிருந்த கை மெல்ல விலகியது.

"ஓட்ட மாட்டேம்மா" என்றார். "நைட்டு வண்டி தொட மாட்டேன். நெசந்தான்."

"அப்பச் சரிங்க. திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு வண்டியக் கொண்டாந்து காட்டுங்க. மத்தவங்களையும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாள்காட்டியைப் பார்த்து, "திங்கக்கெயம ராகு காலம் ஏயரைல இருந்து ஒம்போது" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் மெயிலைத் திறந்தேன். அனுப்பியவற்றில் எங்கள் மெயிலுக்குப் பக்கத்தில் காலை 9:30 என்றே போட்டிருந்தது. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஒம்பதரைன்னுதானமே போட்டுகீது?"

"அது துபாய் நேரம். கணக்கு அங்க திறந்தது இல்லையா, அதனால. அமைப்புக்குள்ள போனா மாத்திடலாம்."

அவர் யோசித்தார். "மெயிலு எங்க பொறந்துச்சோ அந்த ஊரு நேரந்தான அதுக்கு? துபாய்ல ஒம்பதரைக்கு ராகு காலம் கெடியாது. அப்போ நல்ல நேரத்துலதான் போயிகீது. மாத்தாத, அப்டியே வுடு."

நான் மாற்றவில்லை. இன்றைக்கும் எங்கள் மெயில் துபாய் நேரத்தில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டார். கிளம்புகிற நேரம்தான் கணக்கு, போய்ச் சேருகிற நேரம் கணக்கில் வராது என்று வழியெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். அந்தக் கோயம்புத்தூர் அம்மா வண்டியைச் சுற்றி வந்தார், இருக்கையைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் இவர் முகத்தை நேராகப் பார்த்தார். இன்னும் இரண்டு வேன்கள் காத்திருந்தன. ஒன்றின் ஓட்டுநர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. யார் வீட்டில் எவள் கேட் சத்தத்துக்குக் காத்திருந்தாளோ.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஓட்டம் எங்களுக்குத்தான். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். பிறகு அவர் தானே ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்த அந்தத் தமிழ்த் தோற்றத்தைக் கண்டுபிடித்ததற்காக அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள். அதுவரை ராத்திரி ஓட்டம் நிற்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, எப்போதும்போல டிராவல்ஸ் மெயில் வந்தது. இன்றிரவு வர முடியுமா? அவர் வாசலிலிருந்து குரல் கொடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ தம்ளரோடு பக்கத்தில் நின்றேன். மெயிலின் அடியில் மூன்று பதில்களும் வழக்கம்போலத் தயாராக நின்றன. முதல் பொத்தானுக்கு அவர் கை பழகியிருந்தது. மவுஸின் அம்புக்குறி தானாகவே அங்கே போய் நின்றது. பிறகு நகர்ந்து மூன்றாவதற்குப் போயிற்று. 'மன்னிக்கவும், இன்று இயலாது.' தட்டினார்.

கீழே கறுப்புப் பட்டையாக ஒரு வரி வந்தது. 'அனுப்பப்பட்டது. செயல்தவிர்.' இதுவும் புதிதாக வந்ததுதான். மனசு மாறினால் கொஞ்ச நேரத்துக்குள் அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர் அதைப் படித்தார். மவுஸின் மேல் அவர் கை இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அசையவில்லை. அந்த வரி மறைந்துபோனது.

அவர் நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தார்.

"நைட்டுக்கு இன்னாமே சமையல்?"

மூன்று வருடமாக அவர் ராத்திரிச் சாப்பாடு ஜிஎஸ்டி ரோட்டுப் பரோட்டாதான். அதனால் இந்தக் கேள்வியை நான் கேட்டே வெகுநாள் ஆகிவிட்டது. என் ஒருத்திக்கு மட்டும் களைந்து வைத்திருந்த அரிசியில் இன்னும் இரண்டு பிடி போடுவதற்காக உள்ளே போனேன்.